மஞ்சள் விரல் பட்ட பதில் அட்டை

சாந்திக்கும் முருகனுக்கும்,

போன மாதம் சாந்தி வீட்டுக்கு வந்திருந்தபோது தன் போனில் ஒரு கேள்வித்தாளைக் காட்டினாள். அவள் கல்லூரிப் பிள்ளைகளின் மனக்கவலையைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி. “பாருங்கப்பா, காலையிலே அனுப்பினேன். மத்தியானத்துக்குள்ளே இருநூறு பேர் பதில் போட்டுட்டாங்க. நீங்க இதுக்கு எத்தனை மாசம் நடந்திருப்பீங்க?” என்று கேட்டாள்.

நான் திருப்பிக் கேட்டேன். “அவங்கல்லாம் எங்கே உட்கார்ந்து பதில் சொன்னாங்க? பக்கத்திலே யாரு இருந்தா?”

“அது எனக்கு எப்படிப்பா தெரியும்?” என்று அவள் சிரித்தாள். முருகன் சும்மா இருப்பானா? “அப்பாவுக்கு இன்னும் அந்த ஃபாரம் செக்கிங் விட்டுப் போகலை” என்றான். உங்கள் அம்மா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று.

இத்தனை வருஷம் நான் என்ன வேலை பார்த்தேன் என்று உங்கள் இருவருக்கும் நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் தகப்பன் தொழில் என்று கேட்ட இடத்தில் சாந்தி ‘ஆபீஸ்’ என்று எழுதினாள், முருகன் ‘ஜனத்தொகை’ என்று எழுதினான். அதனால் இப்போது எழுதுகிறேன். மலையாளம் மாதிரி தமிழ் உங்களுக்கு ஓடி வராது. எழுத்துக் கூட்டி, மெதுவாகப் படியுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

நான் பத்தாம் வகுப்பு பாஸ். அவ்வளவுதான் படிப்பு. உங்கள் தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் மிளகுக் கடையில் எடை போட்டவர். நான் பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரிதான். தமிழும் மலையாளமும் சரளம், கொங்கணி கேட்டால் புரியும். அந்த ஒரு தகுதிக்காகத்தான் எழுபதுகளின் நடுவில் எர்ணாகுளத்தில் ஒரு மனநல ஆராய்ச்சி நிலையத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நிலையத்தின் பெயர் வேண்டாம். இதில் வரும் ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். காரணம் போகப் போகப் புரியும்.

வேலை இதுதான். கூலி வேலை செய்கிறவர்களின் மனநிலையைப் பற்றி ஒரு கேள்வித்தாள் இருக்கும், நாற்பது கேள்வி. தூக்கம், கோபம், பயம், கவலை எல்லாம் அதில் வரும். கரைக்கு வரும் மீன்காரர்கள், கயிறு திரிக்கும் பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள் என்று ஒவ்வொரு கூட்டமாகத் தேடிப் போய்க் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு பதில் அட்டை உண்டு. ஐந்து படிகள் போட்ட ஏணிப் படம். கீழ்ப் படி ‘ஒருபோதும் இல்லை’, மேல் படி ‘எப்போதும்’. நடுவில் மூன்று படி. நாம் கேள்வியைப் படிப்போம், அவர்கள் விரலால் ஒரு படியைத் தொடுவார்கள். பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். முகத்தைச் சுளிக்காதே, தலையை ஆட்டாதே, ‘அப்படியா’ என்று சொல்லாதே. அவ்வளவுதான் பயிற்சி. மிச்சம் எல்லாம் ஏலியம்மா டீச்சரிடம் படித்ததுதான்.

டீச்சர் எங்கள் மேலதிகாரி. டாக்டர் பட்டம் வாங்கியவர். ஆனால் எல்லோருக்கும் டீச்சர். வெள்ளையில் கரை போட்ட சேலை, கறுப்புக் குடை, ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமான பென்சில். யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஃபாரத்தில் சந்தேகம் வந்தால் மூலையில் சிவப்பாக ஒரு புள்ளி வைப்பார். ஒரு புள்ளி என்றால் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். இரண்டு புள்ளி என்றால் மறுபடி போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும். மூன்று புள்ளி விழுந்தால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “இரிக்கூ” என்பார். அந்த ஆபீஸில் உட்காரச் சொன்னால்தான் எங்களுக்குப் பயம்.

ஒரு கட்டு ஃபாரம் வந்தால் டீச்சர் முதலில் பதிலைப் படிக்க மாட்டார். கட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பார். காகிதம் வெயிலும் வியர்வையும் பட்டிருக்கிறதா, மடிப்பு உண்டா, மை ஒரே மாதிரி ஓடியிருக்கிறதா. பிறகு ஆரம்பித்த நேரம், முடித்த நேரம். அதற்குப் பிறகுதான் இரட்டைப் பிள்ளைகள். ஆறாவது கேள்வி, ‘இரவில் நிம்மதியாகத் தூங்குகிறேன்.’ இருபத்தொன்பதாவது, ‘படுத்த பிறகு வெகு நேரம் விழித்துக் கிடக்கிறேன்.’ ஒரே விஷயத்தை இரண்டு சட்டை போட்டுக் கேட்பது. இரண்டுக்கும் மேல் படி என்று ஒருவர் சொன்னால் அவர் கேள்வியைக் கவனிக்கவில்லை. கடைசியில் புண்ணியவான் கேள்வி. ‘என் வாழ்நாளில் ஒரு தடவைகூட நான் கோபப்பட்டதில்லை.’ இதற்கும் மேல் படியைத் தொடுகிறவர் நம்மிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறார். அவருடைய மற்ற பதில்களையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

இதெல்லாம் போக மறுவிசாரணை. ஒரு ஆள் எடுத்துவந்த ஃபாரங்களில் சிலவற்றைச் சீட்டுப் போட்டு எடுத்து, அந்த ஆட்களிடம் வேறொருவர் போய் எட்டே எட்டு கேள்வியைத் திரும்பக் கேட்பார். முதலில் என்ன பதில் வந்தது என்று போகிறவருக்குத் தெரியக் கூடாது.

நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் சசி என்று ஒருத்தன் எங்களோடு இருந்தான். நன்றாகப் பாடுவான். அவன் கொண்டுவந்த நாற்பது ஃபாரமும் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தன. மழைக்காலத்தில் போட் ஏறிப் போய்விட்டு வந்த காகிதத்துக்கு ஒரு சுருக்கம் இல்லை. டீச்சர் மறுவிசாரணைக்கு என்னைத்தான் அனுப்பினார். பத்து வீட்டில் ஏழு வீட்டுக்காரர்கள் அப்படி ஒரு ஆளையே பார்த்ததில்லை என்றார்கள். போட் வந்து நிற்கிற ஜெட்டிக்குப் பக்கத்துச் சாயாக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவனே நிரப்பியிருக்கிறான். அன்றே அவனை அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து பொய்யாக நிரப்பிய ஃபாரத்துக்கு எங்கள் ஆபீஸில் ‘சாயா ஃபாரம்’ என்று பேர். பொய்யைக் கண்டுபிடித்தவன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருஷம் கழித்து என்னுடைய கட்டில் மூன்று புள்ளி விழுந்தது.

மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் குடோன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மஞ்சளைப் புடைத்துத் தரம் பிரிப்பார்கள். பாதிப் பேர் நம் ஊர்ப் பக்கத்துத் தமிழ்க்காரர்கள். அவர்களுக்குத் தலைவி பேச்சியக்கா. முன் வரிசையில் வாசல் பக்கம், ஒரு சின்னப் பலகையில் உட்காருவாள். அந்தக் குடோனில் ஒரு வழக்கம் உண்டு. சுவரில் ஆணி அடித்து முப்பது முறம் மாட்டியிருக்கும். காலையில் பெண்கள் முற்றத்தில் வந்து நிற்பார்கள். பேச்சியக்கா ஒவ்வொரு முறமாக எடுத்து ஒவ்வொருத்தியிடம் கொடுப்பாள். முறம் கிடைத்தவளுக்கு அன்று வேலை. கிடைக்காதவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நேற்று இருமினவள், தலை சுற்றுகிறது என்றவள், அழுதுகொண்டு வந்தவள், இவர்களுக்கு முறம் வராது. புடைத்த மஞ்சள் குறைந்தால் முதலாளி பேச்சியக்காவைத்தானே கேட்பார்? எங்கள் தெருவில் காலையில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தால் “முறம் கிடைச்சுதா?” என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். நான் பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு அது.

முதலாளி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். வீடு வீடாக அலைய வேண்டாம், எல்லோரும் ஒரே இடத்தில். பேச்சியக்கா தன் பலகைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, “உட்காருங்க தம்பி” என்றாள். நானும் உட்கார்ந்தேன். பெண்கள் ஒவ்வொருத்தியாக எதிரில் வந்து உட்கார்ந்து, என் முழங்கால் மேல் இருந்த அட்டையைத் தொட்டுப் பதில் சொன்னார்கள்.

“சாரே, தூக்கம் வருதான்னு கேக்கறீங்களே. வரலைன்னா நீங்க வந்து தாலாட்டுப் பாடுவீங்களா?” என்றாள் ஒருத்தி.

“அவரு வீட்டிலே பாடறதுக்கே இன்னும் கொஞ்ச நாள்லே ஆள் வரப் போகுது. உனக்கு எங்கே பாட?” என்றாள் இன்னொருத்தி. உங்கள் அம்மா அப்போது ஐந்து மாதம். சாந்தி, வரப் போகும் ஆள் நீதான்.

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியக்கா எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தாள். இவ்வளவு சிரிப்பு இருந்தால் மனம் விட்டுப் பேசுகிறார்கள் என்று நான் நினைத்தேன். பத்தே நாளில் முப்பது ஃபாரம். அதற்கு முன் நான் அவ்வளவு சீக்கிரம் ஒரு கட்டை முடித்ததில்லை.

டீச்சர் கட்டைப் பார்த்தார். காகிதத்தில் குறை இல்லை, நேரம் சரி, மையும் சரி. இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்தார். அதுவும் சரி. ஆனால் முப்பது பேருமே நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஒருத்திக்கும் தலைவலி இல்லை, பயம் இல்லை, ஒருத்தியும் வாழ்நாளில் கோபப்பட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“சுப்பையா, இரிக்கூ.”

உட்கார்ந்தேன்.

“மட்டாஞ்சேரியிலே ஒரே கூரைக்குக் கீழே முப்பது புண்ணியவதிகளா?”

“அவங்க சொன்னதைத்தான் எழுதினேன், டீச்சர்.”

“ஆயிக்கோட்டே, இருக்கட்டும். மறுவிசாரணை நடக்கட்டும்” என்று கட்டை மூடிவிட்டார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மறுவிசாரணைக்கு வர்கீஸ் போனான். பக்கத்துச் சுள்ளிக்கல் ஊர்க்காரன், என் சிநேகிதன், எந்த நேரமும் வாயில் வெற்றிலை. ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பெண்களை அவரவர் வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். திங்கட்கிழமை என் முகத்தைப் பார்க்காமல் டீச்சர் அறைக்குள் போனான். பிறகு டீச்சர் என்னைக் கூப்பிட்டார். எட்டுப் பேரில் ஆறு பேரின் பதில் தலைகீழ். தூக்கமில்லை, தலைவலி, பயம். மற்ற இரண்டு பேரும், “எந்தச் சாரும் எங்ககிட்ட வந்து எதுவும் கேக்கலை” என்று சொல்லிவிட்டார்கள்.

சசி விஷயத்தில் நான் கொண்டுவந்த அதே சொல்.

“இந்த மாசக் கடைசியிலே உங்க வேலையைப் புதுப்பிக்கணும்” என்றார் டீச்சர். எங்களுக்கெல்லாம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற வேலை. “அதுக்குள்ளே எனக்கு ஒரு தெளிவு வேணும். அதுவரைக்கும் நீங்க அந்தக் குடோனுக்குப் போகக் கூடாது. அந்தப் பெண்கள்கிட்டே பேசக் கூடாது. இங்கேயே இருந்து அலமாரியை அடுக்குங்க.”

வெளியே வந்தபோது வர்கீஸ் என் தோளில் கை வைத்தான். “எடோ, நான் கேட்டதைத்தான் எழுதினேன். நீ சாயா குடிக்கிற ஆளில்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா அதை நான் எந்தக் கட்டத்திலே எழுதறது?”

அவன் சொன்னது நியாயம். எங்கள் ஃபாரத்தில் அதற்கு இடம் இல்லை.

பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் நம் வீடு குடோனிலிருந்து இரண்டு சந்து தள்ளித்தானே? காலையில் அந்தப் பெண்கள் நம் வாசல் வழியாகத்தான் போவார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு, அவர்கள் போன பிறகு ஜெட்டிக்குச் சுற்று வழியாக நடந்தேன். ஒருநாள் எதிரில் வந்த செல்லம்மா என்ற பெண் என்னைக் கண்டதும் சாக்கடையைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். யாரும் கேட்கவில்லை என்று சொன்ன இருவரில் அவளும் ஒருத்தி.

அந்த வாரம் உங்கள் அம்மா குழாயடியிலிருந்து குடத்தோடு வேகமாக வந்தாள். “செல்லம்மா எங்கிட்டே அழுதுட்டாங்க. ஞாயித்துக்கிழமை வந்த ஆளை முதலாளி அனுப்பினவருன்னு நெனச்சுப் பயந்து, யாரும் வரலைன்னு சொல்லிட்டாங்களாம். நீங்க போய் டீச்சர்கிட்டே சொல்லுங்க.”

“என்னன்னு சொல்ல? பேசக் கூடாதுன்னாங்க, நான் பேசலை, எம்பொண்டாட்டி பேசினான்னா?”

“உண்மைதானே?”

“உண்மைதான். அதைச் சொன்னா செல்லம்மா பேரும் சேர்ந்து வரும். நாளைக்கு அது குடோன் வரைக்கும் போனா அவங்க முறம் போச்சு.”

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்போ உங்க முறம்?” என்று கேட்டாள். நான் குடத்தை எடுத்து உள்ளே கொண்டுபோனேன்.

மறுநாள் ஆபீஸில் அலமாரி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கட்டோடும் அந்த வேலைக்கு எடுத்துப் போன பதில் அட்டையையும் சேர்த்துக் கட்டி வைப்பது வழக்கம். மீன் கரையிலிருந்து வந்த அட்டையை எடுத்தால் ஐந்து படியும் கறுத்துப் போய், இன்னும் லேசாக நாற்றம். கயிறு வேலைக்காரர்களின் அட்டை ஐந்து படியிலும் தேய்ந்திருந்தது. அதற்கு அடுத்தது என்னுடைய குடோன் அட்டை. அதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மேல் படி மஞ்சள். கீழ்ப் படி மஞ்சள். நடுவில் மூன்று படியும் வாங்கின அன்று மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தன.

மூன்று அட்டையையும் எடுத்துக்கொண்டு டீச்சர் அறைக்குப் போனேன். மேஜை மேல் வரிசையாக வைத்தேன்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “வர்கீஸ், உங்ககிட்டே சுண்ணாம்பு உண்டோ?” என்று குரல் கொடுத்தார். வர்கீஸ் வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பு டப்பியைக் கொண்டுவந்து கொடுத்தான். டீச்சர் தீக்குச்சி முனையில் ஒரு துளி எடுத்து மேல் படிக் கறையின் ஓரத்தில் தொட்டு வைத்தார். பட்ட இடம் குங்குமமாகச் சிவந்தது.

“மஞ்சள்தான்” என்றார். பிறகு விரல் தடங்களின் மேல் தன் சுண்டு விரலை வைத்துப் பார்த்தார், கட்டை விரலை வைத்துப் பார்த்தார். “பெரிய விரல், சின்ன விரல், முனை தேய்ஞ்ச விரல். இது ஒரு ஆள் உட்கார்ந்து பூசினது இல்லை. சுப்பையா போயிருக்கார். அவங்களும் தொட்டிருக்காங்க.”

வர்கீஸ் பெரிதாக மூச்சு விட்டான். நான் விடவில்லை. டீச்சர் முகத்தில் இன்னும் ஏதோ பாக்கி இருந்தது.

“ஆனா சுப்பையா, அவங்க மனசிலே உள்ளதைத்தான் தொட்டாங்களான்னு இந்த அட்டை சொல்லாது. நீங்க எங்கே உட்கார்ந்து கேட்டீங்க? வரைஞ்சு காட்டுங்க.”

நீலப் பக்கத்தைத் திருப்பிப் பென்சிலைக் கொடுத்தார். நான் குடோனை வரைந்தேன். வாசல். சுவரில் முறங்கள். பெண்களின் இரண்டு வரிசை. பேச்சியக்காவின் பலகை. அதற்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்த சாக்கு. அந்தச் சின்னச் சதுரத்தைப் போட்டபோது என் கை நின்றுவிட்டது. பேச்சியக்காவின் கண்ணுக்கு நேராக அந்த அட்டை இருந்திருக்கிறது. ஒவ்வொரு விரலும் எந்தப் படிக்குப் போகிறது என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நாளைக்கு முறம் கொடுக்கப் போகிறவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ‘உனக்குத் தலைவலி வருமா, மனசு சரியில்லையா’ என்று நான் கேட்டிருக்கிறேன்.

வெளியூர்க்காரன் யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விடலாம். நான் முறம் கொடுப்பதைப் பார்த்தே வளர்ந்தவன். பழகிப் போனதால் அது என் கண்ணில் படவே இல்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, முறத்தின் கதை முழுவதையும் டீச்சரிடம் சொன்னேன். செல்லம்மா பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

“இப்போ நீங்க சொல்றது ஒரு காரணம். காரணம் நல்லாயிருக்குன்னு அதை உண்மைன்னு எடுத்துக்க முடியாது. பார்த்துடலாம்” என்றார் டீச்சர்.

பார்த்தது எப்படி என்றால், முப்பது பேரில் பன்னிரண்டு பேரைச் சீட்டுப் போட்டு எடுத்தார். ஆறு பேரிடம் முதலில் குடோனில், பேச்சியக்கா பக்கத்தில் அதே சாக்கில் வைத்துக் கேட்பது; ஒரு வாரம் கழித்து அவர்கள் வீட்டில் கேட்பது. மற்ற ஆறு பேருக்கு முதலில் வீடு, பிறகு குடோன். கேட்கிறவர் இரண்டு இடத்திலும் டீச்சரே. வீட்டுக்குப் போனபோதெல்லாம், தான் முதலாளியின் ஆள் இல்லை என்று முதலிலேயே சொன்னார். அந்த நாட்களில் காலை போட்டில் குடையோடு அவர் மட்டாஞ்சேரி ஜெட்டியில் இறங்கும்போது நான் எதிர் போட்டில் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருப்பேன். குடையை லேசாக உயர்த்துவார். அவ்வளவுதான்.

முடிவில் பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரிதான் நடந்திருக்கிறார்கள். குடோனில் கேட்டால் நிம்மதி. வீட்டில் கேட்டால் வேறு கதை. முதலில் எங்கே கேட்டாலும் அப்படித்தான்.

“ஒரு ஃபாரம் பாக்கி உண்டு” என்றார் டீச்சர். “பேச்சியம்மாவோடது. நீங்களும் வாங்க.”

பேச்சியக்கா வரிசை வீட்டில் கடைசி அறையில் தனியாக இருந்தாள். டீச்சருக்குப் பாய் விரித்தாள், பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். டீச்சர் கேள்வித்தாளை எடுத்ததும் கையைக் காட்டித் தடுத்தாள். “மொதல்ல கேட்ட தம்பியே கேக்கட்டும். எங்க ஊர்ப் பேச்சு பேசுற ஆளு.” டீச்சர் என் பக்கம் கேள்வித்தாளை நகர்த்திவிட்டு வாசலுக்கு வெளியே போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

ஆறாவது கேள்வியைப் படித்தேன். இரவில் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

பேச்சியக்காவின் விரல் மேல் படியில் போய் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு ஒவ்வொரு படியாக இறங்கி அடியில் வந்து நின்றது.

“முறம் முப்பது தம்பி. காலையிலே வந்து நிக்கிறது நாப்பது பேரு. படுத்தா அந்த மிச்சப் பத்து மூஞ்சிதான் வருது. எங்கே தூங்க?”

பயிற்சியில் சொன்னபடி நான் தலையை ஆட்டவில்லை, ‘அப்படியா’ என்று கேட்கவில்லை. அன்றைக்கு அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

நாற்பதும் முடிந்ததும் அவள் வாசலைப் பார்த்து, “இது முதலாளிக்குப் போவுமா, டீச்சரம்மா?” என்று கேட்டாள்.

“போகாது. யார் பேரும் எங்கேயும் போகாது.”

“அந்தப் பிள்ளைங்களும் என்னை மாதிரி வீட்டிலே வேறதான் சொல்லியிருக்கும். நான் பக்கத்திலே இருந்ததா தப்பு?”

“தப்பு உங்களுது இல்லை. எங்க ஆள் தப்பான இடத்திலே உட்கார்ந்துட்டார்.”

“ஐயோ, சாக்கு போட்டுக் கொடுத்ததே நாந்தானே!” என்று பேச்சியக்கா தலையில் கை வைத்தாள். டீச்சர் சிரித்தார். அவர் வாய் விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மாதத்தின் கடைசி நாள். டீச்சர் அறையில் நாற்காலி ஏற்கெனவே இழுத்துப் போட்டிருந்தது. உட்கார்ந்தேன். என்னுடைய கட்டை எடுத்து மேல் காகிதத்தில், சிவப்பில் இல்லை, நீலத்தில் இரண்டு வரி எழுதி என் பக்கம் திருப்பினார். மலையாளத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: ‘நேர்மையாக எடுத்தது. செல்லாது.’

“இரண்டும் வேற வேற விஷயம், சுப்பையா. சசியோடது முதல் வரியிலேயே போச்சு. உங்களது இரண்டாவது வரியிலே. முப்பதையும் வீட்டிலே வச்சு மறுபடி எடுக்கணும். நீங்கதான் எடுக்கணும்.” அப்புறம் புதுப்பிக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு வந்த எல்லா ஃபாரத்திலும் தலைப்பில் இரண்டு வரி கூடுதலாக அச்சடித்தார்கள். ‘கேட்ட இடம்.’ ‘அருகில் இருந்தவர்.’ நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்த இரண்டு வரியையும் முதலில் நிரப்பிவிட்டுத்தான் மற்றதை ஆரம்பித்தேன். சாந்தி, உன் போனில் அந்த இரண்டு வரியைத்தான் தேடினேன்.

அன்று மட்டாஞ்சேரி போட்டில் உட்கார இடம் இருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். சுற்று வழியில் போகாமல் குடோன் இருக்கிற சந்து வழியாகவே நேராக நடந்தேன். பெண்கள் வேலை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். செல்லம்மா என்னைப் பார்த்து நின்றாள். இந்தத் தடவை அந்தப் பக்கம் தாண்டிப் போகவில்லை. “வீட்டிலே எப்படி இருக்காங்க?” என்று கேட்டாள். “நல்லாயிருக்கா” என்றேன்.

உங்கள் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை நிலையில், ஒரு கை வயிற்றில். சாந்தி, நீ அவளை உதைத்துக்கொண்டிருந்தாயாம்.

“என்ன சொன்னாங்க?”

“முப்பது ஃபாரமும் செல்லாதுன்னு எழுதிட்டாங்க.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு சந்தேகத்தோடு, “செல்லாதுன்னு சொன்னதுக்கா இப்படிச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றேன். அப்போதுதான் நான் சிரித்துக்கொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது.